எலுமிச்சை இலையின் அடிப்புறம்

நசுக்கிய பிறகுதான் ஆவுடையப்பனுக்கு உறைத்தது, நசுக்கியது என்னவென்று. எலுமிச்சை இலை ஒன்றைத் திருப்பினார். அடிப்புறத்தில் ஒரு பச்சைப் புழு அசையாமல் இருந்தது. அதன் ஓரமாக அரிசிக் குருணையைக் கொட்டி வைத்ததுபோல் வெள்ளையாக ஒரு குவியல். வலது கைக் கட்டைவிரல் தானாகப் போய் அந்தக் குவியலை இலையோடு வைத்து அழுத்தித் தேய்த்தது. பொரி உடைவதுபோல மெல்லிய சத்தம்கூடக் கேட்டது. விரலில் பிசுபிசுப்பு. முட்டைகள், ஒழிந்தன, என்று மனசு ஒரு வாக்கியத்தைச் சொல்லி முற்றுப்புள்ளி வைக்குமுன் இன்னொரு மனசு, ஓய்வுபெறும் வரை விவசாயக் கல்லூரியில் பூச்சியியல் சொல்லிக்கொடுத்த மனசு, எழுந்து நின்று கத்தியது: கூடுடா அது, கூடு! அவர் தன்னைத் தானே டா போட்டுத் திட்டிக்கொள்கிறவர் அல்ல. தம்மிடம்கூட மரியாதையாகப் பேசிப் பழகியவர். ஆனால் அது கூடுதான். அந்தப் புழுவின் உடம்புக்குள் வளர்ந்து, அதன் தோலைத் துளைத்து வெளியே வந்த குளவிக் குஞ்சுகள் தங்களைச் சுற்றி நெய்துகொண்ட பட்டுக் கூடுகள். எலுமிச்சைத் தளிரை மொட்டையடிக்கிற புழுவைக் கொல்லக் கூலி கேட்காமல் வந்த படை. எத்தனை தோட்டங்களில் எத்தனை கட்டைவிரல்களை அவரே பாய்ந்து பிடித்துத் தடுத்திருக்கிறார். ‘ஐயா, நிறுத்துங்க. புழு முட்டை போடுமா? புழுங்கிறது குழந்தை. தொட்டில்ல கிடக்கிற பிள்ளை பிள்ளை பெறுமா?’ என்று கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள், விரலுக்குரியவர் வெட்கப்படுவார். இந்தப் பிழையை முதலாண்டு மாணவன் செய்வான். பூச்சிமருந்துக் கடைக்காரர் செய்வார். மாவட்டத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி செய்வார். ஆவுடையப்பன் செய்யமாட்டார். செய்துவிட்டார்.

பக்கத்தில் யாரும் இல்லை. தோட்டத்துச் சொந்தக்காரர் பேச்சிமுத்து, எலுமிச்சை விவசாயிகள் குழு ஆட்களைத் திரட்டிவர பைக்கை எடுத்துக்கொண்டு போயிருந்தார். அவர் மனைவி மாடத்தி பம்புசெட் அறையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். ஆவுடையப்பன் தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டு விளிம்பில் போய் உட்கார்ந்தார். விரலைக் கழுவலாமா என்று நினைத்தார். கழுவினால் தடயத்தை அழித்ததாக ஆகிவிடும். அழிக்காவிட்டால்? இங்கே யார் துப்பறிய வரப்போகிறார்கள்? கழுவினார். “என்ன சார், ஒத்தையில உக்காந்துட்டீங்க? தல சுத்துதா?” என்றாள் மாடத்தி அறை வாசலிலிருந்து. தலை என்ற சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. இந்த அம்மாளுக்குக் கேட்க வேறு உறுப்பா இல்லை, கால் வலிக்குதா என்று கேட்டிருக்கலாமே. “இல்லம்மா, வெயில்தான்” என்றார். “வெயிலா? இப்பத்தானே சாரல் விழுந்துட்டுப் போச்சு!” அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். மேற்கே மலை பாதிக்குமேல் மேகத்துக்குள் இருந்தது. இலைகளில் இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெயில் இல்லை என்பது எனக்கும் தெரியும், சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன், என்று அவர் தமக்குள் வாதாடினார். பொய் என்று தெரிந்து சொன்னால் அது பொய். தெரியாமல் சொன்னால்தான் நோய். நான் தெரிந்துதான் சொன்னேன். தெரிந்துதானே சொன்னேன்? வாய் திறந்த கணத்தில் தெரிந்திருந்ததா, மாடத்தி சிரித்த பிறகு தெரிந்ததா? இதற்குச் சாட்சி யார்? குற்றவாளியும் சாட்சியும் நீதிபதியும் ஒரே மண்டைக்குள் குடியிருந்தால் தீர்ப்பை எப்படி நம்புவது?

மடியில் இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்கள் இருந்தன. பாடம் நடத்தக் கொண்டுவந்தவை. மாதம் ஒருமுறை குழு ஒரு தோட்டத்தில் கூடும். எல்லாரும் மரம் மரமாகப் போய் அகப்பட்ட பூச்சிகளைப் பிடித்துவருவார்கள். நிழலில் உட்கார்ந்து ‘கூட்டாளி’, ‘திருடன்’ என்று பிரித்து வைப்பார்கள். அதற்குப் பிறகுதான் மருந்தடிப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்கள். இந்தப் பழக்கத்தை இந்த வட்டாரத்துக்குக் கொண்டுவந்ததே ஆவுடையப்பன்தான். முதல் டப்பாவில் வண்ணத்துப்பூச்சி. கருப்பில் மஞ்சள் திட்டுகள், பின்சிறகின் ஓரத்தில் செங்கல் நிறத்தில் ஒரு பொட்டு. காலையில்தான் கூட்டுப்புழுவை உடைத்துக்கொண்டு வந்தது. வண்ணத்துப்பூச்சியா பட்டாம்பூச்சியா என்று பாடநூல் குழுவில் ஒரு முழு மத்தியானம் சண்டை நடந்தது அவருக்கு நினைவிருந்தது. நினைவிருக்கிறது! இந்த ஊரில் பாப்பாத்தி என்பார்கள் என்று அவர் சொன்னபோது தலைவர் முகம் சுளித்ததுகூட. இரண்டாவது டப்பாவில் குளவி. குளவி என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கொசுவைவிடச் சற்றுத் தடிமன், கருப்பு, ஒடுங்கிய இடுப்பு, ஓயாமல் துடிக்கிற மீசை. கவிஞர்கள் எல்லாரும் முதல் டப்பாவைப் பாடிவிட்டார்கள். இரண்டாவதைப் பற்றி அநேகமாக யாரும் ஒரு வரி எழுதவில்லை. எழுதியவர்களும் தப்பாக எழுதினார்கள். குளவி புழுவைக் கொண்டுபோய்க் கூட்டில் வைத்துக் கொட்டிக் கொட்டித் தன்னைப்போல் இன்னொரு குளவியாக மாற்றிவிடுகிறதாம். குரு சீடனை மாற்றுவதற்கு உவமை! உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி, ஆகவே மாறிவிட்டது என்று கணக்கு. நடுவில் நடந்ததை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நடுவில் நடந்தது சாப்பாடு. வகுப்பில் இதைச் சொல்லும்போது நிறுத்தி ஒரு சுற்று பார்ப்பார்; கடைசி பெஞ்சுகூட விழித்துக்கொள்ளும். புழு குளவியாக மாறவில்லை, பிள்ளைகளா. குளவியின் குஞ்சு புழுவைத் தின்றது. தின்று முடித்தபோது புழுவின் வடிவத்தில் தோல் மட்டும் மிச்சம்.

அந்த இடத்தில்தான் நினைப்பு சிக்கிக்கொண்டது, புடவைத் தலைப்பு முள்ளில் மாட்டுவதுபோல. தின்கிற முறை. அதில் ஒரு முறை உண்டு. குஞ்சு முதலில் கொழுப்பைத் தின்னும். அப்புறம் உடம்பில் ஓடுகிற சாற்றைக் குடிக்கும். இதயத்தையும் நரம்பையும் கடைசி வரைக்கும் தொடாது. தொட்டால் புழு செத்துவிடும், செத்தால் இறைச்சி கெட்டுவிடும். அதனால் புழு நடக்கும். இலையைக் கடிக்கும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறக் கொம்பு இரண்டை நீட்டி, அழுகின எலுமிச்சை வாடை அடித்து மிரட்டும். பார்க்கிறவனுக்கு இது தெம்பான புழு. தெம்பாக இருக்கிறோம் என்று அதற்கும் தோன்றலாம். வகுப்பில் இதையெல்லாம் எவ்வளவு ரசித்துச் சொல்லியிருக்கிறோம்! சமையல் குறிப்பு மாதிரி. ஆவுடையப்பனின் உடம்பில் எது கொழுப்பு? பெயர்கள்தான். போன ஐப்பசியில் முதலில் போனது பெயர்கள்தான். எதிர்வீட்டுக்காரர் பெயர். அப்புறம் மாவு சலிக்கிற அந்த வட்டமான, ஓட்டை ஓட்டையாக இருக்கிற அது. சமையலறையில் நின்று கையால் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினார். உலகம்மை சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தாள். சல்லடை, சல்லடை, சல்லடை, என்று அன்று ராத்திரி வரை உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அவரைக் கேலி செய்ய ஒரு வாய்ப்பையும் விடாதவள், அன்று விட்டுவிட்டாள்.

பிரமு அக்காவுக்கும் பெயர்தான் முதலில் போயிற்று. அவருக்கு மூத்தவள். டம்ளரை ‘அது’ என்றாள், விளக்குமாற்றை ‘அந்தக் கூட்டுற அது’ என்றாள். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். அவர்தான் அதிகம் சிரித்தார். அக்காவின் மொழியில் பெயர்ச்சொல் ஒழிந்து சுட்டுப்பெயர் ஆட்சி நடக்கிறது என்று ஒரு சிலேடையோடு சொன்னார். பிறகு மருமக்கள் போனார்கள், பிள்ளைகள் போனார்கள், இறந்துபோன புருஷன் மறுபடி உயிரோடு வந்தார். கடைசி வரைக்கும் போகாதது ஒன்று இருந்தது. யார் வாசலில் வந்து நின்றாலும், “வாங்க, சாப்பிட்டீங்களா?” பால்காரனிடம், ஊசி போட வந்த நர்சிடம், ஜன்னலில் வந்து உட்கார்ந்த காக்காவிடம். ஆவுடையப்பன் பார்க்கப் போன கடைசித் தடவை கட்டிலில் எழுந்து உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, “வாங்க, சாப்பிட்டீங்களா? உங்களுக்கு எந்த ஊரு?” என்றாள். சங்கரன்கோவில் என்றார். “எந் தம்பியும் அங்கதான் இருக்கான். வாத்தியாரு. ரொம்பப் படிச்சவன். வரமாட்டான்” என்றாள். இதயத்தையும் நரம்பையும் கடைசி வரை விட்டுவைக்கிற குஞ்சு. அக்காவிடம் அது விட்டுவைத்தது விருந்தோம்பலை. என்னிடம் எதை விட்டுவைக்கும்? பிறரைத் திருத்துகிற குணத்தை விட்டுவைக்கும். பெயர் தெரியாத கிழவன் ஒருவன் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம், அது அப்படி இல்லை, அது அப்படி இல்லை, என்று சொல்லிக்கொண்டிருப்பான். எது எப்படி இல்லை என்று அவனுக்கே தெரியாது. கேட்டுக்கொண்டு பக்கத்தில் உலகம்மை மட்டும் இருப்பாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டுச் சுவரில் குளவி மண்கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்பார்கள், கட்டியது, அதை இடிக்கவிடாமல் வெள்ளையடிக்க வந்தவர்களோடு வருஷாவருஷம் சண்டை போட்டாள். மண்கூடு கட்டுகிற குளவி வேறு, அது சிலந்தியைத்தான் கொண்டுபோகும், இதற்கும் பிள்ளைக்கும் சம்பந்தம் கிடையாது, என்று அவர் விளக்கினார். திருத்துகிற குணம். அவள், “சம்பந்தம் கிடக்கட்டும், அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே” என்றாள்.

இன்றைக்கு நரம்பு டாக்டரிடம் போக வேண்டிய நாள். திருநெல்வேலியில். சாயங்காலம். பெயர் பதிந்து, தவம் கிடந்து, உலகம்மை வாங்கிய நாள். “சும்மா ஒரு தடவை காட்டிட்டு வருவோம். ஒண்ணுமில்லைன்னு அவரு வாயால சொல்லட்டும்” என்றாள். ஒன்றுமில்லை என்பதை நான் என் வாயாலேயே சொல்கிறேனே, அதற்குத் திருநெல்வேலி வரை பஸ் எதற்கு, என்றார். பேச்சிமுத்து நேற்றுப் போன் செய்து கூட்டத்துக்கு வர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டபோது, அவர் கேட்டு முடிக்குமுன் வருகிறேன் என்றார். காலையில் செருப்பை மாட்டும்போது உலகம்மை வாசலில் நின்றாள். “இன்னைக்குன்னு தெரியும்ல?” “தெரியும்.” “தெரிஞ்சுதான் போறீங்களா?” “தெரிஞ்சுதான் போறேன்.” மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அவள் விட்டிருக்க மாட்டாள். தெரிந்தே போகிறேன் என்றதில் ஒரு அயோக்கியப் பெருமை இருந்தது அவருக்கு. பார், ஞாபகமாக ஓடிப்போகிறேன்! பங்குனியில் நடந்தது ஒன்று மட்டும் அவளுக்குத் தெரியாது. கடைத்தெருவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது டவுன் பஸ்ஸில் ஒரு நிறுத்தத்தில் இறங்கினார், நடந்தார், இடதுபக்கம் திரும்பினார், கேட்டின் கொண்டியை மேலே தூக்கி உள்பக்கமாக ஒரு தள்ளுத் தள்ளினார். அந்தக் கொண்டி அப்படித் தள்ளினால்தான் திறக்கும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு நாய் பாய்ந்து வந்தது. நம் வீட்டில் ஏது நாய் என்று நினைத்தார். ஒரு பெண்மணி எட்டிப் பார்த்தாள். அது அவர்கள் எப்போதோ வாடகைக்கு இருந்துவிட்டுக் காலி செய்த வீடு. “தெரு மாறி வந்துட்டேன்மா” என்று சிரித்துவிட்டு வந்தார். பஸ் லேட் என்று வீட்டில் சொன்னார். இன்றுவரை சொல்லவில்லை. சொல்லமாட்டார். சொன்னால் அது நடந்ததாகிவிடும்.

வண்ணத்துப்பூச்சி டப்பாவுக்குள் ஒருமுறை சிறகை விரித்து மூடியது. அதன் கதையும் பயங்கரம்தான். அழகாக முடிவதால் யாரும் பயப்படுவதில்லை. கூட்டுப்புழுவுக்குள் புழு பெரும்பாலும் கரைந்து கூழாகிவிடுகிறது. கால்கள், தாடை, குடல் எல்லாம் கூழ். அந்தக் கூழிலிருந்துதான் சிறகு. ஆனால் ஒன்றை எங்கோ படித்திருந்தார், அவருக்குப் பிடித்த செய்தி அது: புழுவாக இருக்கும்போது ஒரு வாடையைக் கண்டு மிரளப் பழக்கினால், சிறகு முளைத்து வந்த பிறகும் சிலவற்றுக்கு அந்த வாடை நினைவிருக்கிறதாம். கரைந்து மறுபடி உருவான பிறகும்! அப்படியானால் எல்லாம் போனாலும் ஏதோ ஒன்று மிச்சமிருக்கும். எல்லாமே அப்படியே இருப்பதுபோல் தெரிகிற அந்த இன்னொரு புழுவிடம் ஒன்றுமே மிச்சமில்லை. இதுதான் இரண்டு டப்பாவுக்கும் உள்ள வித்தியாசம். பாடத்தில் இதுவரை சொல்லாதது. நான் எந்த டப்பா? வெளியிலிருந்து பார்த்தால் சொல்லமுடியாது. இரண்டு புழுவும் கடைசியில் ஒரேமாதிரிச் சோர்ந்து, ஒரேமாதிரித் தின்பதை நிறுத்தி, அசையாமல் இருக்கும். அவசரமாக ஒரு எலுமிச்சை இலையைப் பறித்துக் கசக்கி மூக்கில் வைத்தார். ஏதாவது வா. ஏதாவது நினைவு வா. வந்தது. கல்யாணத்தன்று யாரோ கையில் கொடுத்த எலுமிச்சம்பழம். வேர்த்த உள்ளங்கையில் அது வழுக்கிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் உலகம்மை உதட்டை அசைக்காமல், “கீழ போட்டுறாதீங்க, அபசகுனம்” என்றாள். அவள் அவரோடு பேசிய முதல் வாக்கியம். அவருக்கு அழுகை வரும்போலிருந்தது. சரியாக இருக்கிறதே, எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது. அப்புறம் ஏன் அந்தக் கட்டைவிரல்?

அந்த இலையை மறுபடி போய்த் திருப்பிப் பார்த்தார். புழு இன்னும் அங்கேதான் இருந்தது. செத்துவிடவில்லை. தன்னைத் தின்று வெளியே வந்தவற்றின் நசுங்கிய கூடுகள்மேல் உடம்பை வளைத்து நின்றது. விரலைக் கிட்டே கொண்டுபோனதும் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெடுக் வெடுக்கென்று ஆட்டியது. காவல். இதுவும் அவருக்குத் தெரிந்த விஷயம்தான்: சில புழுக்கள் இப்படிச் செய்யும், உள்ளே இருந்தவை ஏதோ செய்துவிட்டுப் போயிருக்கும், பசி மறந்து, சாகும்வரை, தன்னை அழித்தவற்றுக்கே காவல் நிற்கும். யாரையும் கிட்டே விடாது. பார்க்கச் சகிக்கவில்லை. இலையைக் கையிலிருந்து விட்டார். அது துள்ளிப்போய்த் தன் இடத்தில் நின்றது.

பைக் சத்தம் கேட்டது. பேச்சிமுத்து ஆட்களோடு வந்துவிட்டார். நல்லவேளை. தார்ப்பாய் விரித்தார்கள். ஆவுடையப்பன் எழுந்து நின்று டப்பாக்களைத் தூக்கிக் காட்டியதும் எங்கிருந்தோ பழைய குரல் வந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. “இந்த ரெண்டுல எது உங்க கூட்டாளி, எது திருடன்? கை தூக்குங்க.” எல்லாக் கைகளும் வண்ணத்துப்பூச்சிதான் கூட்டாளி என்றன. எங்கேயும் எப்போதும் அப்படித்தான். “அதுதான் இல்ல” என்றார். முன்வரிசையில் இருந்த குருவையா விடவில்லை. “பாப்பாத்தி என்ன சார் பாவம் பண்ணுச்சு? அதுபாட்டுக்குத் தேன் குடிச்சிட்டுப் போகு. இந்தக் கொசுவப் போயி கூட்டாளிங்கீங்க.” “கொசு இல்லைய்யா, குளவி.” “குளவின்னா கொட்டணும்லா?” “உங்களைக் கொட்டாது. புழுவை மட்டும்தான் கொட்டும்.” “அப்ப எம் மாமியாருக்கு நேர் எதிரு. அது புழு பூச்சிக்குத் தீங்கு நெனைக்காது. என்னைய மட்டும்தான் கொட்டும்.” சிரிப்பு அடங்குமுன் மாடத்தி, “ஏ குருவையா, ஒம் மாமியா எனக்குச் சித்தியாக்கும். இப்பவே போனப் போடவா?” என்றாள். ஆவுடையப்பனும் சிரித்தார். பாப்பாத்தி தேன் குடிக்கிற அழகில் மயங்காதீர்கள், அது உங்கள் தளிரில் ஒவ்வொன்றாக முட்டையை ஒட்டிவிட்டுப் போகிறது, அதன் பிள்ளைகள்தான் மரத்தை மொட்டையடிக்கின்றன என்றார். குளவி அந்தப் பிள்ளைகளுக்குள் முட்டையிடுவதைச் சொன்னார். வெள்ளைக் கூடுகளைச் சொன்னார். முட்டை என்று நினைத்து நசுக்கிவிடாதீர்கள் என்று சொல்லும்போது மட்டும் குரல் லேசாகத் தடுக்கியது. மாடத்தி ஒரு கேள்வி கேட்டாள். “உள்ள ஆளு இருக்குன்னு அந்தப் புழுவுக்குத் தெரியுமா சார்?” இந்தக் கேள்வியை இதுவரை எந்த மாணவனும் கேட்டதில்லை. “தெரியாதும்மா” என்றார். பிறகு, “தெரிய வாய்ப்பில்லை” என்று திருத்தினார். ஒரு சொல்கூடத் தேடவேண்டி வரவில்லை. பெயர்கள் எல்லாம் கூப்பிட்ட இடத்துக்கு வந்தன. காப்பியைக் குடிக்கும்போது அவருக்குப் பறப்பதுபோல இருந்தது. விரல் ஏதோ கவனக்குறைவு. கண்ணாடியை மாற்றி வெகுநாளாயிற்று. டாக்டர், நரம்பு, திருநெல்வேலி, எல்லாம் பெண்கள் கிளப்புகிற பீதி. சாரல் மறுபடி லேசாகப் போட்டது. யாரோ எலுமிச்சை விலையைப் பற்றி ஏதோ சொன்னார்கள். காலி டம்ளரைக் கீழே வைத்தார். ஈரக் காற்று முகத்தில் பட்டது. எல்லாரும் தார்ப்பாயில் உட்கார்ந்து தம்மைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தார்.

எழுந்தார். டப்பாக்களைத் தூக்கினார். “இந்த ரெண்டுல எது உங்க கூட்டாளி, எது திருடன்? கை தூக்குங்க.” தயங்கித் தயங்கி ஒன்றன்பின் ஒன்றாகக் கைகள் எழுந்தன. எல்லாமே குளவியை நோக்கி. ஆவுடையப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷத்தில் ஒரு ஊரில்கூட, ஒரு வகுப்பில்கூட இப்படி நடந்ததில்லை. எடுத்த எடுப்பில் எல்லாரும் சரி! “அபாரம்! எப்படிய்யா, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டார், குரல் தழுதழுக்க. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குருவையா சங்கடமாகச் சிரித்தார். “இப்பத்தானே சார் சொன்னீங்க? காப்பிக்கு முன்ன.” “ஏ, சும்மா கெட” என்றார் பேச்சிமுத்து, அவர் தொடையில் தட்டி. “சார் பரீட்சை வைக்காரு. நமக்கு மண்டையில ஏறிருக்கான்னு பாக்காரு. இல்லையா சார்?” எல்லார் கண்களும் அவர்மேல் இருந்தன. அன்பான கண்கள், அவருக்காகப் பதிலைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தன. “ஆமா” என்றார் ஆவுடையப்பன். “பரீட்சைதான். எல்லாரும் பாஸ்.” கைதட்டினார்கள். குருவையா தமக்கு ஒரு மார்க் கூடப் போடவேண்டும் என்றார். மாடத்தி மட்டும் கைதட்டாமல் டம்ளர்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். காப்பிக்கு முன்னால் என்ன நடந்தது? தேடினார். காப்பி இருந்தது, சூடு இருந்தது, ஒரு மாமியார் இருந்தாள், சிரிப்பு இருந்தது. இப்போது இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. எழுந்து நின்ற அந்தக் கணத்தில் எதுவும் இல்லை. தமிழில் இதற்குப் பெயரே இல்லை. பயமா? பயம் என்றால் வெளியே ஏதாவது நிற்கவேண்டும். பரீட்சைதான், எல்லாரும் பாஸ். எவ்வளவு வேகமாக வந்தது அந்தப் பொய்! பஸ் லேட். வெயில்தான். தெரு மாறி வந்துட்டேன்மா. கண்ணாடி மாற்றணும். ஐப்பசியிலிருந்து தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி யாரையும் கிட்டே விடாமல் எதற்குக் காவல் நிற்கிறோம், யாருக்குக் காவல் நிற்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது. “ஒரு போன் பேசிட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டுப் பம்புசெட் அறைக்குப் பின்னால் போனார்.

உலகம்மை உடனே எடுத்தாள். போனைக் கையிலேயே வைத்திருந்திருக்க வேண்டும். “என்ன?” என்றாள்.

“உலகு, நான் கூட்டை நசுக்கிட்டேன்.”

“எந்தக் கூட்டை?”

“எலுமிச்சை இலையில இருக்குமே. வெள்ளையா. முட்டைன்னு நினைச்சு நசுக்கிட்டேன்.”

அவளுக்குப் பூச்சியியல் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இருந்ததில்லை. ஆனால் சாப்பாட்டு மேஜையில், ரயிலில், உறவினர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் என்று வாழ்நாளெல்லாம் இந்த ஒரு விஷயத்தைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்திருந்தது.

“சரி” என்றாள்.

“பாடத்தை ரெண்டு தடவை நடத்திட்டேன். ஒண்ணு முடிச்சு காப்பி குடிச்சிட்டு, மறுபடி முதல்லேர்ந்து. யாரும் எதுவும் சொல்லல. அப்புறம் சொன்னாங்க.”

“சரி.”

“பங்குனியில ஒருநாள் பஸ் லேட்டுன்னு சொன்னேன்ல. லேட் இல்ல. பழைய வீட்டுக்குப் போயிட்டேன். கேட்டைத் திறந்து—”

“தெரியும். அந்த வீட்டம்மா உங்களை அடையாளம் கண்டு அன்னைக்கே எனக்குப் போன் பண்ணிட்டா.”

ஆவுடையப்பன் பம்புசெட் சுவரில் சாய்ந்துகொண்டார். “ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்” என்றாள். “தினமும் பாத்தேன். உங்க அக்கா கதை எனக்குத் தெரியாதா? எனக்கு மட்டும் பயம் இல்லையா?” குரல் உடைந்தது, உடனே அதை ஒட்டிக்கொண்டாள். “டாக்டர் சாயங்காலம் வரைக்கும் இருப்பாரு. நான் பஸ் ஏறி அங்க வாரேன். அங்கேருந்து நேரா போயிருவோம். நீங்க தனியா கிளம்பாதீங்க. எங்கேயும் நகராதீங்க. யாரு தோட்டம்?”

“பேச்சிமுத்து தோட்டம். புளியங்குடிக்கு மேற்க. ஸ்டாண்டுல இறங்கு, ஆளை அனுப்பச் சொல்லுதேன்.”

“சரி, வச்சிருதேன்.”

“உலகு.”

“என்ன?”

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். “சரி, வைக்கல” என்றாள். “அப்படியே காதுல வச்சிட்டு இருங்க. நான் நடந்துக்கிட்டே வாரேன்.”

அவள் கதவைப் பூட்டுவது கேட்டது. பூட்டை ஒருதடவை இழுத்துப் பார்த்தாள். தெருவில் யாரோ, “என்னக்கா, இந்நேரத்துல கிளம்பிட்டீங்க?” என்று கேட்டார்கள். “அவங்களக் கூட்டிட்டு வாரதுக்கு” என்றாள் அவள், ரேஷன் கடைக்குப் போகிறேன் என்பதுபோல. ஹாரன் சத்தம், டீக்கடைப் பாட்டு, செருப்பு தேயும் சத்தம், படியேறும்போது அவள் முட்டி வலியில் வழக்கமாகச் சொல்கிற ‘யம்மா’. கண்டக்டர் எங்கே என்று கேட்டார். புளியங்குடி என்றாள். பஸ் ஒரு குலுக்கலோடு கிளம்பியது. அவள் குரல் இப்போது மிகக் கிட்டே வந்தது, போனைக் கையால் பொத்திக்கொண்டு பேசுகிறாள் போலிருந்தது.

“இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

கொஞ்ச தூரம் என்ஜின் இரைச்சல் மட்டும். பேச்சிமுத்து அறையின் மூலையில் வந்து எட்டிப் பார்த்தார். ஆவுடையப்பனின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். ஏதோ ஒரு நிறுத்தம். விசில்.

“இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

அந்த இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. இன்னும் சத்தமாக, பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தாலும் பரவாயில்லை என்பதுபோல், மறுபடியும் கேட்டாள்.

“இருக்கேன் உலகு” என்று அவரும் கத்தினார். “இங்கதான் இருக்கேன். நீ வா.”